புல்பார் இல்லாத வண்டி

என் கொழுந்தன் லைலுக்கு வாய் நீளம். பூலியா ஊர்ப் பக்கத்தில் வண்டி பழுது பார்க்க அவனை விட்டால் ஆளில்லை, அந்தத் திமிர் வேறு.

எங்கள் பிக்கப் வண்டியின் முன்சக்கரங்களில் ஸ்பிரிங்கோடு சேர்ந்து குலுக்கலைத் தாங்கும் ஸ்ட்ரட் இரண்டும் எண்ணெய் கசிந்து செத்துவிட்டன. அலையலையாகக் கிடக்கும் செம்மண் சாலையில் போய்வந்தால் பல்லெல்லாம் ஆடியது. கம்பெனி ஒரிஜினலே போடலாம் என்றேன். அது பிரிஸ்பேனிலிருந்து வந்து சேர்வதற்குள் மேய்ச்சலில் சிதறிய மாடுகளை வளைத்துச் சேர்க்கும் வேலை தொடங்கிவிடும் என்று என் கணவர் கிளெம் முனகினார். லைலின் பட்டறையில் வேறு கம்பெனி செய்த வெளிமார்க்கெட் ஸ்ட்ரட் ஒரு ஜோடி பெட்டியோடு கிடந்தது.

"ஒரிஜினல் எல்லாம் டவுன்ல கடை வாசல்ல நிக்கிற வண்டிக்கு அண்ணி. இது கெட்டி ஸ்பிரிங். புல்பார் மாட்டின வண்டிக்குன்னே செஞ்சது."

"எங்க வண்டியில ஏதுடா புல்பார்?"

கங்காரு மோதி வளைந்துபோன, வண்டி மூக்கைக் காக்கும் அந்த இரும்புத் தடுப்பைக் கழற்றி நிமிர்த்தக் கொடுத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் முன்னால் புல்பார் இல்லாததை யாரும் வண்டி என்றே எண்ணுவதில்லை. ஸ்பிரிங் வாங்கும்போதே அந்தக் கனத்தையும் சேர்த்துத்தான் கேட்பார்கள்.

"வந்துடும். மாட்டினதும் அந்தக் கனத்துல ஸ்பிரிங் தானா அமுங்கிடும். அண்ணா, மெக்கானிக் நானா அண்ணியா?"

"உன் மூஞ்சி, பெரிய மெக்கானிக்!" என்றேன்.

கிளெம் சிரித்தார். "மாட்டுடா தம்பி." அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வண்டி ஒட்டகம் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மண்சாலையில் முன்சக்கரம் தரையைப் பிடிக்காமல் தாவியது. ஸ்டீயரிங் காற்றில் மிதக்கிறது என்று கிளெமே சொன்னார். புல்பார் வந்தால் சரியாகிவிடும் என்று சமாதானமும் அவரே சொல்லிக்கொண்டார்.

வேலிக்கம்பி வாங்கப் போனவர் திரும்பவில்லை. நானும் லைலும் தேடிப் போனபோது வளைவுக்கு வெளியே வண்டி உருண்டு கிடந்தது. கிளெமின் உயிர் உள்ளேயே போய்விட்டிருந்தது. சக்கரத் தடம் மண்ணில் நன்றாகத் தெரிந்தது. விட்டு விட்டு, தாவித் தாவி, வளைவில் திரும்பாமல் நேராக வெளியே போயிருந்தது. கங்காருவின் கால்தடம் ஒன்றுகூட இல்லை.

லைல் என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினான். "கங்காரு குறுக்க வந்திருக்கும், இல்ல அண்ணி? சொல்லுங்க, கங்காருதானே?"

"ஆமாடா, கங்காருதான்."

அவனையும் இழக்க எனக்குத் தெம்பில்லை. போலீஸ்காரரிடமும் அதையே சொன்னேன். எங்கள் பக்கம் அது வழக்கமான சாவு, யாரும் மேலே கேட்கவில்லை.

குளிர்காலம் முடியும்போது ஒரு நாள் லைலுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பக்கத்துப் பண்ணை மார்லீன் தன் பிக்கப்போடு நின்றிருந்தாள். பின்சீட்டில் அவள் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. வண்டிக்கு இன்னும் புல்பார் மாட்டவில்லை.

"ஸ்ட்ரட் ஒரிஜினலா, வெளியதா? நீயே சொல்லு லைல்."

"இதான். எங்கண்ணனுக்கே இதைத்தான் போட்டேன். கங்காரு மட்டும் குறுக்க வரலைன்னா இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கும்."

"என் வண்டியில புல்பார் இல்லையேப்பா?"

"அதுக்கென்ன, அப்புறம் மாட்டிக்கலாம்."

சாப்பாட்டை அப்படியே கீழே வைத்தேன்.

"மாட்ட விடாதே மார்லீன். ஒரிஜினல் வர்ற வரைக்கும் காத்திரு."

"ஏன் அண்ணி வேலையைக் கெடுக்கிறீங்க?"

"கங்காருவே வரலடா. அந்த ஸ்பிரிங்தான் உங்கண்ணனைக் கொன்னுச்சு."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்ப அன்னிக்கு ஏன் கங்காருன்னு சொன்னீங்க?"

"நீ கேட்டியேடா."

மார்லீன் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். லைல் ஸ்ட்ரட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் போனேன்.

"வீட்டுக்குப் போங்க அண்ணி," என்றான்.