கட்டிலுக்கும் கட்டிலுக்கும் ஒரு மீட்டர்

இப்போதெல்லாம் யாரும் எதையும் நேரில் போய்ப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் இருக்கிறானா போய்விட்டானா என்பதைக்கூட போனில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். எவ்வளவு தூரம் என்றால் "இதோ, பக்கத்துலதான்" என்பார்கள். பக்கம் என்றால் எவ்வளவு என்று கேட்டால் முறைப்பார்கள். இப்படி இருந்தால், எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஒரு மீட்டர் மற்ற வீடுகளின் மீட்டரைவிட நீளமாகிப்போனது யாருக்குத் தெரியப்போகிறது? பல வருஷம் தெரியவில்லை.

அந்த வீட்டில் அக்காளும் தங்கையும் இருந்தார்கள். அக்காள் ஆஸ்பத்திரி நர்சு. தங்கை ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள். இரண்டு பேருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. ஏன் என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை. தாயார் கண்ணை மூடியபோது அக்காள் வேலையில் இருந்தாள். "ஊருல உள்ளவனுக்கெல்லாம் பணிவிடை பண்ற, பெத்தவ சாகறப்ப எங்க போன?" என்று தங்கை கேட்டாள். அன்றைக்கே தங்கை கட்டில்களைத் தள்ளிப்போட்டு, இடைவெளியைத் தன் மஞ்சள் டேப்பால் அளந்தாள். சரியாக ஒரு மீட்டர். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

இடைவெளி வளரத் தொடங்கியது அப்போதுதான். முதலில் அக்காளின் இருமல் அடுத்த தெருவில் இருமுவதுபோலக் கேட்டது. பிறகு அவள் கட்டில் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்தது. வாசல் இருந்தது தங்கையின் பக்கம், அதனால் நர்சு காலை ஷிப்டுக்கு முந்தின நாள் மத்தியானமே கிளம்ப வேண்டியதாயிற்று. ஊர் அதைக் கடமை உணர்ச்சி என்று மெச்சியது. ஓய்வு பெற்றதும் அவள் ஸ்டவ்வையும் பாத்திரங்களையும் தன் பக்கமே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். தங்கைக்கு எப்போதாவது மனசு உறுத்தினால் டேப்பை எடுத்து அளப்பாள். அந்த இடைவெளியில் எதை நீட்டினாலும் அதுவும் கூடவே நீளும், நீண்டது நீண்டதுதான்; ஆகையால் எப்போதும் ஒரு மீட்டர்தான் காட்டும். ஒரு மீட்டர்தானே, நினைத்தால் ஒரு எட்டில் போய்விடலாம் என்று அவள் உட்கார்ந்துவிடுவாள். அக்காளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிற இடத்துக்கு எவன் போயிருக்கிறான்?

விஷயம் வெளியே வந்தது டாக்டர் வீட்டுத் திரையால். தங்கை எப்போதும்போல அந்த டேப்பைக் கொண்டுபோய் ஜன்னலை அளக்காமல், டாக்டரம்மா சொன்ன அளவை வைத்துத் தன் வீட்டில் துணியை வெட்டினாள். தைத்து மாட்டினால் திரை தரையில் புரண்டு, படியிறங்கி, கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தது.

"ஏம்மா, இது ஜன்னலுக்கா, சர்க்கஸ் கூடாரத்துக்கா?" என்றாள் டாக்டரம்மா. தங்கை திரை மாட்டக் கொண்டுவந்திருந்த டேப்பையும் தன் டேப்பையும் சேர்த்துப் பிடித்தாள். தங்கையின் ஒரு மீட்டர் தெருமுனைவரை போய், முனை திரும்பியும் போனது.

தங்கை வீட்டுக்கு வந்து அக்காள் இருந்த பக்கம் பார்த்தாள். கொஞ்ச நாளாக இருமல் சத்தம் வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மருந்து, தண்ணீர் பாட்டில், மாற்றுப் புடவை, தலையணை எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்தாள். சத்தம் கேட்டு பக்கத்து வீட்டிலிருந்து நான் எட்டிப் பார்த்தேன்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"அக்காகிட்ட."

"ஒரு மீட்டருக்கா இவ்வளவு மூட்டை?"

"அப்படித்தாண்ணே நானும் இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்."

டேப்பைக் கட்டிலிலேயே போட்டுவிட்டு நடந்தாள். அந்த வாரம் பூராவும் நடந்தாள். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வாசலில் நின்று, எவ்வளவு தூரம் போயிருக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். முதலில் விரல் அளவுக்குத் தெரிந்தாள், அப்புறம் நகத்தளவு, அப்புறம் கடுகு. பஸ் லேட் என்று சொல்கிற மாதிரி, "இன்னும் பாதிகூடப் போகலை" என்று சொல்லிக்கொண்டார்கள். துணைக்குப் போகலாமே என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

டாக்டரம்மா புகார் கொடுத்திருந்ததால் அடுத்த வாரம் முத்திரை ஆய்வாளர் வந்தார். கடைகளில் அளவுகோலைச் சோதித்து முத்திரை குத்துகிறவர். இரும்புக் கோலை இடைவெளியில் வைத்தார். அது தண்டவாளம்போல ஓடி மறுமுனையில் போய் நின்றது. "ஒரு மீட்டர்தான், பெரியவரே" என்றார்.

"உங்க கோலும் சேந்து நீளுது. அது எப்படிச் சாட்சி சொல்லும்?" என்றேன்.

அவர் கோலைக் கீழேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார். மீட்டருக்குக் கோலெல்லாம் பழைய காலத்துச் சங்கதி, ஒரு நொடியை ஏறக்குறைய முப்பது கோடித் துண்டாக வெட்டினால் ஒரு துண்டு நேரத்தில் வெளிச்சம் ஓடுகிற தூரம்தான் இப்போது மீட்டர், உலகம் பூராவும் அதுதான் கணக்கு என்றார். நொடியை எந்தக் கத்தியால் வெட்டுவது என்று கேட்டேன். அவர் டார்ச்சை எடுத்து அந்தப் பக்கம் அடித்தார்.

வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பொழுது சாயும் நேரத்தில் அந்தக் கோடியில் கட்டில் பளிச்சென்று தெரிந்தது. கட்டிலில் இரண்டு பேர். தங்கை அக்காளின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். வெளிச்சத்தில் கண் கூசியதோ என்னவோ, அக்காளின் கை மெல்ல எழுந்து முகத்தை மறைத்தது.

"உயிரோடதான் இருக்கா" என்றேன்.

"இருந்தாங்க" என்றார் ஆய்வாளர். "அந்த வெளிச்சம் திரும்பி நம்ம கண்ணுக்கு வரணும்ல? நாம பாக்கறது அப்ப நடந்தது. இப்ப எப்படி இருக்காங்கன்னு இனிமேத்தான் தெரியும்."

தெருக்காரர்கள் சரி என்று தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். நாளைக்கு வந்து பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்றான் ஒருவன். எனக்கு ஒப்பவில்லை. கண்ணெதிரே கையைத் தூக்குகிறவளை நேற்றைய ஆள் என்றால் எப்படி நம்புவது? நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.