பதினெட்டாவது சாவு

என் நண்பன் தணிகாசலத்துக்கு நன்றாகப் பாட வரும். அவனுக்கு இருக்கிற ஒரே வியாதி அதுதான். நான் அவனுக்கு டோலக் வாசிக்கிறவன், பெயர் அந்தோணி. அவன் பாட்டால் வந்த வம்புகளில் பாதிக்கு மேல் என் தலையில்தான் விடிந்திருக்கிறது. அதனால் இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

இருவரும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு குழாய்க் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். வேலை நேரம் போக மிச்சமெல்லாம் கானா. கல்யாணம், காதுகுத்து என்று யார் கூப்பிட்டாலும் போகத் தயார்தான். ஆனால் எங்களைக் கூப்பிடுவது சாவு வீட்டுக்கு மட்டும்தான். மரண கானாவில் தணிகாவை மிஞ்ச பொன்னேரியிலிருந்து எளாவூர் வரைக்கும் ஆள் கிடையாது.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் மாலை போட்ட படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு. பிறகு போனவர் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அங்கேயே அடிதடி நடக்கும். அப்புறம் அவர் செய்த நல்லது மூன்று. ஆள் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் மூன்றைத் தேடிப் பிடித்துவிட வேண்டும். கடைசியில் அவர் இல்லாத வீட்டைப் பாடி, அழாமல் நிற்கிறவனையும் அழவைத்துவிட்டுத்தான் மைக்கைக் கீழே வைக்க வேண்டும்.

சாவு நாள் பார்த்து வராது. அதனால் அடிக்கடி லீவு போட்டோம். ஃபாரத்தில் காரணம் என்ற இடத்தில் ‘சாவு’ என்று எழுதுவோம். அது சத்தியம். உறவுமுறை என்ற இடத்தில் ‘பெரியப்பா’, ‘மாமா’ என்று எதையாவது எழுதுவோம். அது சத்தியமில்லை. ஊர் பேர் தெரியாதவர் சாவுக்கு எந்தக் கம்பெனி லீவு தரும்?

எங்கள் மேனேஜர் துளசிராமன் சார் இதையெல்லாம் ஒரு டைரியில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். பதினேழாவது சாவுக்கு லீவு கேட்டுப் போனபோது, தணிகாவின் அப்பாவுக்கு எத்தனை அண்ணன்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். இந்த மடையன் யோசிக்காமல் இரண்டு என்றான். டைரியில் அவனுக்கு மட்டும் ஆறு பெரியப்பா செத்திருந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் சனிக்கிழமை தவறாமல் பி ஷிஃப்ட், மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை. லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பொன்னேரி பக்கத்து ஆரணியில் அம்மன் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை மாலை ஏழு மணி. ஷாமியானாவுக்குக் கீழேயே பாடிப் பாடித் தேய்ந்தவனுக்கு அது முதல் மேடை. கூலிங் கிளாஸ் போட்ட அவன் படத்தோடு ‘கானா தணிகா’ என்று ஃப்ளெக்ஸ் வேறு வைத்துவிட்டார்கள். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவன் மனைவி ரம்யா அவன் பாடி நேரில் கேட்டதே கிடையாது. யார் வீட்டுச் சாவுக்கோ அவள் எப்படி வருவாள்? அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்று அவள் படம் எடுத்துக்கொண்டதைப் பார்த்தபோது, இந்த மேடை மட்டும் போய்விட்டால் இவன் தாங்கமாட்டான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அம்மன் கண் திறந்தாள். துளசிராமன் சாருக்குக் குஜராத்துக்கு மாற்றல் வந்தது. வெள்ளிக்கிழமையோடு கிளம்புகிறார். அடுத்துப் பொறுப்புக்கு வரவிருந்தவர், சனிக்கிழமை தாராளமாகப் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டார். கம்பெனியே கொண்டாடியது. கேன்டீன் குப்பம்மாள், சார் தொலைகிற அன்றைக்குப் பாயசம் வைப்பதாக அறிவித்தாள்.

எச்.ஆர். கல்பனா மேடம்தான் வினையை இழுத்தார். வழியனுப்பு விழாவில் தணிகா ஒரு பாட்டுப் பாட வேண்டுமாம். இரண்டு வரி பாடிவிட்டு இறங்கிவிடு என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

“மச்சி, மைக்க புட்சிக்கினு அரகொறையா பாட எனக்கு வராதுடா,” என்றான்.

சாரின் குடும்பப் பெயர்களையும் மூன்று நல்லதையும் கேட்டு வரச்சொல்லி, அவருடைய டிரைவர் ஆதிகேசவனிடம் என்னைத் துரத்தினான். ஆதிகேசவன் பெயர்களை உடனே சொன்னார். நல்லதுக்கு இரண்டு டீ ஆனது. டிரைவர் சாப்பிடாமல் சார் சாப்பிடமாட்டார் என்றார். காலி ஷெட்டில் விளக்கு எரிந்தால் அவரே போய் அணைப்பார் என்றார். மூன்றாவதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மெஷினில் விரல் போன சரவணகுமாருக்காக, அன்று விடிகிற வரை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் இவர்தானாம். யாரிடமும் சொல்லாதே என்றாராம். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கேன்டீன் ஹாலில் முந்நூறு பேர். மேடைக்குப் பின்னால் சாரின் பெரிய படம் போட்ட ஃப்ளெக்ஸ். அவருக்கு ஆளுயர ரோஜா மாலை போட்டார்கள். கனம் தாங்காமல் அவர் அதைக் கழற்றி, வைக்க இடமில்லாமல், பக்கத்திலிருந்த ஃப்ளெக்ஸின் ஆணியில் மாட்டினார். அது அவர் படத்தைச் சுற்றி அம்சமாக விழுந்தது.

தணிகா மைக்கைப் பிடித்தான், திரும்பினான், மாலை போட்ட படத்தைப் பார்த்தான். அவன் கை தானாக மேலே போய்க் கும்பிட்டது. செத்தோம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? என் டோலக்கும் அதற்குள் அந்த நடைக்குப் போய்விட்டிருந்தது.

“சேரு இருக்குது, டேபிளு இருக்குது, சாரக் காணலையே, சங்கு ஊதுது, ஷிஃப்டு முடியுது, சாரக் காணலையே” என்று அவன் இழுக்க, சார் முன்வரிசையில் அதே சேரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி பெஞ்சு வரி வந்ததும் சரவணகுமார் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான். குப்பம்மாள் பாயசக் கரண்டியைப் போட்டுவிட்டு, “போய்ட்டியே என் நைனா” என்று மாரில் அடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்தபோது முந்நூறு பேரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

சார் எழுந்து மைக்கை வாங்கினார். கண்ணாடிக்குள் தண்ணீர்.

“இந்த மாற்றலை நான்தான் கேட்டு வாங்கினேன். இங்க ஒருத்தருக்கும் என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சிட்டேன். நான் எங்கயும் போகல.”

குப்பம்மாள் அதற்கப்புறம்தான் நிஜமாக அழுதாள்.

அன்று எங்களோடு ஒருவரும் பேசவில்லை. பாயசம்கூட ஊற்றவில்லை. சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தால், போர்டில் எங்கள் இருவர் பெயருக்கும் எதிரே பி ஷிஃப்ட் என்று போட்டிருந்தது. தன் பாட்டாலேயே தன் மேடைக்கு வேட்டு வைத்துக்கொண்டவனை நான் அன்றுதான் பார்த்தேன். வீட்டில் ரம்யா புதுச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாளாம்.

வேறு வழியில்லாமல் சார் அறைக்குப் போனோம்.

“இந்தத் தடவை செத்தது யாரு?” என்றார், தலையைத் தூக்காமல்.

“சாவு இல்ல சார்,” என்றான் தணிகா. “ஆரணில கச்சேரி. என் ஊட்டுக்காரி இதுவரிக்கும் நான் பாடிக் கேட்டதே இல்ல சார்.”

அவர் டைரியை எடுத்துப் பிரித்தார். “அப்போ இந்தப் பதினேழு?”

“அவங்கள்லாம் நெஜமா செத்தவங்கதான் சார். பாடப் போனோம். பெரியப்பாதான் பொய்யி.”

சார் பக்கங்களைப் புரட்டினார். “நேத்து எனக்குப் பாடின மாதிரியே பாடினியா?”

மேஜைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன். ஆறு பெரியப்பாவைக் கூசாமல் கொன்றவனுக்குப் பாட்டு விஷயத்தில் மட்டும் பொய் வராது.

“அதே மெட்டு சார். எல்லாருக்கும் அதான். பேருதான் மாறும்.”

எனக்கு அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அதை நம்பித்தானே குஜராத்தை விட்டார்.

“ஆஸ்பத்திரி பெஞ்சு?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அது உங்குளுது சார். அத்த வேற யாருக்கும் பாட முடியாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு இரண்டு லீவு ஃபாரங்களை எங்கள் பக்கம் தள்ளி, கச்சேரிக்கென்று லீவு தர விதியில் இடமில்லை, வழக்கம்போலச் சாவு என்றே எழுதச் சொன்னார்.

“யார் பேரு சார் எழுதறது?”

“நேத்துப் பாடினியே, அவர் பேரு.”

தணிகா ‘துளசிராமன்’ என்று எழுதினான். உறவுமுறை என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

“பெரியப்பா எத்தனை ஆச்சு?” என்றார் சார்.

“ஆறு சார்.”

“ஏழுன்னு வெச்சுக்கோ.”

இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். டைரியில் பதினெட்டு என்று போட்டு, எதிரே தன் பெயரை நிதானமாக எழுதிக்கொண்டார். நாங்கள் கதவைத் திறக்கும்போது மறுபடி கூப்பிட்டார்.

“திங்கக்கிழமை காலையில ஒழுங்கா ஷிஃப்டுக்கு வந்துடணும். பதினாறாம் நாள் காரியம்னு மறுபடி லீவு கேட்டு வந்து நிக்காதீங்க.”