டோன் கொடுக்கும் லைன்

…அந்த லைனை மட்டும் விட்டுவிடச் சொல்லலாமே, வாய் இருக்கிறதே, கேட்டால் தலையையா சீவிவிடுவார்கள் என்று சுகிர்தம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, தேனியிலிருந்து வந்த கம்ப்யூட்டர்க்காரன் கர்ணன் அவள் மேஜைக்கடியில் குப்புறப் படுத்து டெலிபோன் ஒயரைக் கழற்றிவிட்டான், ஒரே திருகு, அவ்வளவுதான்… போடியில் அவள் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கமிஷன் கடை முதலாளி சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்கு இந்த வயசில் வந்த ஆசையைப் பாருங்கள், ஃபேக்ஸ் சர்வராம், கான்பூர் ஆர்டரெல்லாம் காகிதமே இல்லாமல் நேரே கம்ப்யூட்டருக்குள் வந்து விழுமாம், அவரவர் சீட்டில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாமாம், விழட்டும், யார் வேண்டாமென்றது, அதற்கு அவர் அறை லைனை எடுத்துக்கொண்டால் ஆகாதா? “அது இன்டர்காம் பொட்டி வழியாப் போகுதுக்கா, ஃபேக்ஸ் பாதியில அறுந்துரும். இது ஒண்ணுதான் நேரா வர்ற லைன். இதையே எடுத்துக்கிடச் சொல்லிட்டாக மொதலாளி,” என்றான் கர்ணன் மேஜைக்கடியிலிருந்தே. சொல்லிட்டாக. அவர் சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் அப்பீல் ஏது.

இந்த ஒரு நம்பரில்தானே ஜெபஷீலா வருவாள்… பெற்ற மகள் அம்மாவிடம் பேச உலகத்தில் வேறு நம்பர் இல்லை, வீட்டு போனை எடுப்பது அவள் அப்பா, அறை போனை எடுப்பது அண்ணாச்சி. சின்னமனூர்ப் பையனோடு அவள் கிளம்பிப் போன அன்றைக்கே, “எனக்கு மக இல்ல. இந்த வீட்டுல அவ பேச்சு யாரு எடுத்தாலும் அவுகளும் இல்ல,” என்று செல்வமணி முடித்துவிட்டார், தாலி கட்டிய மனுஷன், கோபக்காரர், அண்ணாச்சிக்கு உயிர்ச் சிநேகிதர் வேறு, கடையில் ஒரு சொல் விழுந்தால் சாயங்காலம் வீட்டில் இடி விழும். அப்படியும் அந்தக் கழுதை சும்மா இருந்தாளா, திருப்பூரில் ஏதோ ஒரு பூத்திலிருந்து கூப்பிடத்தான் செய்தாள், வேறு யாராவது எடுத்தால் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு “ஃபேக்ஸ் டோன் குடுங்க” என்பாள், வடக்கத்திக் கம்பெனிக்காரர்களும் அதைத்தானே கேட்பார்கள், எடுத்தவர் மெஷினில் பொத்தானை அமுக்குவார், கீச்சென்று டோன் போகும், அம்மா சீட்டில் இல்லை என்று அவளுக்கு விளங்கிவிடும். சுகிர்தமே எடுத்தால் டோன் கிடையாது, “சொல்லுங்க சார்” என்பாள், சொந்த மகளை, சாராம்! சுற்றிலும் ஆள் இருக்கிறதே என்ன செய்ய, அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்கும், “சாப்ட்டியாம்மா?”, “ஆமா சார், சரக்கு வந்துருச்சு சார்”… போன தடவை சிரிப்பில்லை. “ரத்தம் ரொம்பக் கம்மின்னு டாக்டரம்மா பயங்காட்டுறாகம்மா. பெத்ததும் இவரப் பேசச் சொல்றேன், டோன் கேக்கச் சொல்லிக் குடுத்துருக்கேன்.” பிரசவத்துக்கு இந்த வாரம்தான் நாள். தாயா பிள்ளையா, ரெண்டுமா, ஒன்றுமில்லையா, எதுவானாலும் இந்த ஒயரில்தான் வர வேண்டும்.

கேட்டுத்தான் பார்த்தாள், கேட்காமல் இல்லை. “ஏந் தம்பி, அஞ்சாறு ரிங் போன பெறகு மெஷின் எடுக்குற மாதிரி வைக்க முடியாதா? அதுக்குள்ள நான் எடுத்துருவேன்ல.” அவன் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “வைக்கலாம்க்கா, அதென்ன பெரிய வேலை. ஆனா இங்கன போனே வேணாம்னுட்டாகளே. ஏங்க்கா, இதுல யாரும் பேசுவாகளா? சொல்லுங்க, மொதலாளிகிட்ட நானே ஒரு வார்த்த சொல்றேன்.” நல்ல பிள்ளை, முகத்தைப் பார்த்தே கேட்டான், சொல்லியிருக்கலாம், உறவுக்காரி ஒருத்தி கூப்பிடுவாள் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம், நாக்கு நுனி வரை வந்தது, யார் என்று அண்ணாச்சி கேட்பாரே, எந்த உறவு, எந்த ஊர்… “யாரு பேசப் போறாக தம்பி,” என்று அவள் வாய்தான் சொன்னது. அவன் பழைய போனைப் பேப்பரில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டு சர்வர் பெட்டியின் சுவிட்சைத் தட்டிவிட்டான். முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுமாம், மணிச்சத்தமே கேட்காதாம், பச்சை விளக்கு மட்டும் மினுங்குமாம்.

மினுங்கியது. சாப்பாட்டு நேரம், எதிர் சீட்டெல்லாம் காலி, அவள் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கவளம்கூட எடுக்கவில்லை. “அக்கா, மொதக் கால்!” என்று கர்ணன் துள்ளினான், பிறகு உதட்டைப் பிதுக்கினான். “ப்ச், ஃபேக்ஸ் இல்ல. யாரோ டோனக் கேட்டுட்டு வச்சுட்டாக.” மருமகனா? அவளேவா? ராங் நம்பராகக்கூட இருக்கலாம், இருக்கட்டும் கர்த்தரே, ராங் நம்பராகவே இருக்கட்டும்… மறுபடி மினுங்கியது. அத்தை சாப்பிடப் போயிருப்பாள், கொஞ்சம் பொறுத்துப் போடலாம் என்று மருமகன் நினைத்திருப்பான், சாயங்காலம் போடுவான், டோன், நாளைக்குப் போடுவான், டோன், எத்தனை நாள் ஒரு பொம்பளை சீட்டில் இல்லாமல் இருப்பாள் என்று எப்போது அவனுக்குத் தோன்றும், தோன்றினால் என்ன நினைப்பான், அத்தைதான் டோனைக் கொடுக்கச் சொல்லிவிட்டாள் என்றா? நீயாவது தேடிப் போக வேண்டியதுதானே என்றால் எங்கே போக, திருப்பூரில் எந்தத் தெரு? “அட்ரஸ் எழுதிக்கிறியாம்மா?” என்று மகள் எத்தனையோ தடவை கேட்டாள், “பெறகு பாப்போம் சார்” என்றே சொன்னாள் இவள், பேனா கையில்தான் இருந்தது, செல்வமணி என்றைக்காவது கேட்டால் எனக்குத் தெரியாது என்று சத்தியமாகச் சொல்ல வேண்டுமே என்றுதான்… அப்படித்தானே?

சாப்பிட்டு வந்த அண்ணாச்சி பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “என்ன சுகிர்தம், இனிமே ஒனக்குப் பாதி வேலை மிச்சம்!” “ஆமாண்ணாச்சி,” என்றாள், குரல் பிசிறாமல் வந்தது, அவளுக்கே ஆச்சரியம். போன் இருந்த இடத்தில் சதுரமாகத் தூசி, முந்தானையால் துடைத்தாள். இனி யாரையும் சார் என்று கூப்பிட வேண்டாம், மணியடித்தால் குலை நடுங்க வேண்டாம், இன்றைக்கு வீட்டுக்குப் போனால் அந்த மனுஷன் முகத்தை நேருக்கு நேராகப் பார்க்கலாம்… இழுத்து ஒரு மூச்சு விட்டாள், தடங்கலில்லாமல் போனது, எத்தனை காலமாயிற்று இப்படி ஒரு மூச்சு விட்டு. விட்ட பிறகுதான் திடுக்கிட்டாள். அடிப்பாவி, மகள் அங்கே செத்தாளோ பிழைத்தாளோ தெரியவில்லை, பெற்ற வயிறு பற்றி எரிய வேண்டிய நேரத்தில் இதென்ன, நிம்மதியா?