'ஒரே கிளிக்'காரரின் தாடைப் படம்

ஊரில் அவருக்கு 'ஒரே கிளிக்' என்று பெயர். போட்டோ ஸ்டூடியோ வைத்து முப்பது வருஷம் ஆகிறது. ஒருவரைக்கூட இரண்டாம் தடவை எடுத்ததில்லை. கண்ணை மூடினால் மூடினதுதான், வாய் கோணினால் கோணினதுதான். "ஆடினது நீங்க, கேமரா இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவர் புண்ணியத்தில் பாதி ஊர் அடையாள அட்டையில் திருதிருவென்று முழித்துக்கொண்டு அலைகிறது.

அப்பேர்ப்பட்டவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்து சேர்ந்தது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இவருக்குப் பல் இருக்கும்போதே சொல் போய்விட்டது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் குரூப் போட்டோ எடுக்க வேண்டும். வாயைத் திறந்து கத்தாமல் முந்நூறு வாண்டுகளை யார் நிறுத்துவது? பல் டாக்டரம்மாவுக்கோ இன்று சாயங்காலத்திலிருந்து பத்து நாள் லீவு. அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "முதல்ல தாடை முழுசுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. வேர் எப்படி வளைஞ்சிருக்குன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன்."

கூட வந்த மனைவிக்கு வலியைவிட வேடிக்கை பெரிதாக இருந்தது. "ஊரையே ஆடாதே அசையாதேன்னு மிரட்டினீங்களே, இன்னைக்கு உங்க முறை. போய்ட்டு வாங்க."

எக்ஸ்ரே அறையில் ஒரு பெண் இருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். "கண்ணாடி, செயின் எல்லாம் கழட்டிடுங்க சார். கழட்டி மாட்டுற பல் எதாவது இருக்கா?"

"எல்லாம் சொந்தப் பல்லும்மா" என்றார் விறைப்பாக. கண்ணாடியும் செயினும் வெளியே மனைவியின் கைக்குப் போயின. "கழட்டாம நின்னா என்ன?"

"உலோகம் படத்துல வெள்ளையா விழும் சார். ஒரு பக்கம் போட்டிருக்கிற கம்மல், மறுபக்கத்துலயும் பேய் மாதிரி வந்து நிக்கும். அப்புறம் பல்லைப் பார்க்கிறதா, பேயைப் பார்க்கிறதா?"

"இந்தக் கதிர் ஒண்ணும் பண்ணாதே?" குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ரொம்பக் கொஞ்சம்தான் சார். ஆனா கொஞ்சம்தானேன்னு சும்மா சும்மா எடுக்கவும் மாட்டோம்." அவரை இயந்திரத்துக்குள் நிறுத்தினாள். தாடையை ஒரு மேடையில் வைத்து, முன்பல்லுக்கு நடுவே சின்னக் குச்சி ஒன்றைக் கடிக்கச் சொன்னாள். "நாக்கை மேலண்ணத்துல ஒட்டிக்குங்க. உதட்டை மூடிக்குங்க. மிஷின் தலையைச் சுத்தி வரும், வலிக்காது, உங்களைத் தொடாது. பதினெட்டு செகண்ட் அசையாம இருங்க, அவ்வளவுதான்."

அவர் தோளை இறக்கிவிட அவள் குனிந்தபோது, கழுத்தில் தொங்கிய அட்டை அவர் மூக்குக்கு நேரே ஆடியது. அட்டையில் அவள் முகம்: ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, வாய் தும்மலுக்குக் காத்திருந்தது. பின்னால் நீலத் திரை. அது அவருடைய ஸ்டூடியோத் திரை. இன்றைக்குத் தன் குடுமி சரியான கையில் மாட்டிக்கொண்டது என்று அவருக்குப் புரிந்தது.

அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் உறுமிக்கொண்டு காதோரம் கிளம்பியது. கேமரா என்று ஒன்று கண்ணில் பட்டால் முகம் அதற்கு நேராக இருக்க வேண்டும் என்பது முப்பது வருஷப் பாடம். கேமரா நகர்ந்தது, இவர் முகமும் கூடவே நகர்ந்தது. போதாக்குறைக்குத் தாடையைத் தூக்கி, குச்சியைக் கடித்தபடியே ஒரு புன்னகையும் பூத்தார்.

திரையில் வந்த படத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. முன்பற்கள் இரட்டை வரிசையில் வந்திருந்தன. ஒரு பக்கத் தாடை யானைக்குச் சேரும், மறுபக்கம் எலிக்குச் சேரும். வலிக்கும் பல் இருந்த இடத்தில் வெறும் புகை.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார். "என்ன இது? இந்த மாசம் கெட்டுப்போன படம் இது மூணாவது. ரெண்டாவது தடவை எடுக்கிறதுன்னா காரணம் எழுதணும், தெரியும்ல? யார் தப்பு?"

போச்சு, இப்போது சொல்லிவிடுவாள் என்று அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சொன்னால் நியாயம்தான். இவராக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"என் தப்புதான் மேடம்" என்றாள் அவள். "சார் போட்டோக்காரர். கேமராவைப் பார்க்காதீங்கன்னு நான் தனியா சொல்லியிருக்கணும்."

அவருக்குச் சுரீர் என்றது, அது பல் இல்லை. முப்பது வருஷத்தில் இந்த ஒரு வாக்கியம் தன் வாயில் வந்ததே இல்லை என்பது நினைவுக்கு வந்து, வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஆன்ஆன் ஆஆட்டேன்" என்றார். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். குச்சியைத் துப்பிவிட்டு மறுபடியும் சொன்னார். "நான்தான் ஆடிட்டேன் டாக்டரம்மா. அந்தப் பொண்ணு தெளிவாத்தான் சொல்லிச்சு. என் பேர்லயே எழுதுங்க."

வெளியே இருந்து மனைவியின் குரல் வந்தது: "யாரு, எங்க வீட்டுக்காரரா இப்படிப் பேசுறது?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, எழுதிக் கையெழுத்துப் போட்டார். புதுக் குச்சி வந்தது. "இந்தத் தடவை கண்ணை மூடிக்குங்க சார்" என்றாள் அந்தப் பெண். அவர் பிடித்து வைத்த பிள்ளையாராக நின்றார். இயந்திரம் ஒரு பக்கக் காதில் தொடங்கி மறு பக்கக் காது வரை போனது. பதினெட்டு விநாடிக்குள் பதினெட்டு தடவை திரும்பிப் பார்க்க ஆசை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார்.

இயந்திரம் நின்றதும் அறை அமைதியானது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தாடையை மேடையிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்தால் இதுவும் கெட்டுவிடுமோ என்ற பயம். வீங்கிய கன்னத்தோடு, சின்னக் குரலில் கேட்டார்.

"நல்லா வந்திருக்காம்மா?"

முப்பது வருஷமாக அவருடைய முக்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் எழுந்திருக்கும்போது இதைத்தான் கேட்டார்கள். ஒருவருக்கும் அவர் பதில் சொன்னதில்லை. பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் இவ்வளவு நீளமானது என்று அவருக்குத் தெரியாது.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "வேர் வரைக்கும் தெளிவா விழுந்திருக்கு. வாங்க சார், நீங்களே பாருங்க" என்றாள்.