ஆறு நாள், இரண்டு மணி நேரம்

எல்விரா ஆறாவது வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள். சவப்பெட்டிக்கு அடியில் வைக்கும் கிண்ணத்துக்குத்தான். வெங்காயத்தில் வினிகரை ஊற்றி வைத்தால் பிணத்திலிருந்து கிளம்பும் கெட்ட காற்றை அது இழுத்துக்கொள்ளும் என்று மெக்சிகோவின் ஒஹாக்கா பக்கத்தில் எல்லோரும் நம்புவார்கள். அவள் கண்ணில் வழிந்ததெல்லாம் வெங்காய நீர். துக்கத்துக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தோளைத் தடவியபோது எரிச்சலாக இருந்தது.

கூடத்தில் அவள் புருஷன் சபினோ கிடந்தான். பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் அறிவியல் வாத்தியார். நேற்றுக் காலை குளியலறையில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. இந்தக் கிண்ணத்தைப் பார்த்திருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டான். எல்விராவின் அம்மா செத்தபோது பெட்டிக்கு அடியில் ஒரு கிண்ணம், சமையலறை அலமாரியில் இன்னொரு கிண்ணம் என்று வைத்து, மறுநாள் பள்ளித் தராசில் இரண்டையும் நிறுத்துப் பார்த்தவன். "ரெண்டும் ஒரே எடைதான், ஒரே நாத்தம்தான்" என்றான், அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவில் வந்து நின்று. அவளுடைய பெரியம்மா அவன்மேல் செருப்பை வீசினாள்.

அவனோடு வாழ்ந்தது அருவருப்போடு வாழ்ந்ததுதான். அவளுடைய குழம்புச் சட்டியில் நத்தை வளர்த்தான். ஃப்ரிட்ஜில் பாலாடைக்கட்டிக்குப் பக்கத்தில் புழு நெளியும் கறித்துண்டு இருக்கும். நத்தையைத் தொட்ட கையாலேயே பென்சிலை எடுத்து, நுனியை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவான். அதைப் பார்த்தால் அவளுக்குக் குமட்டும். "ச்சீ" என்பாள். அந்தச் ச்சீயில் பாதி சிரிப்பும் இருக்கும். அவனுக்கும் அது தெரியும்.

"அண்ணி, அண்ணன்கூட அவரோட நோட்டு ஒண்ணு வெச்சு அனுப்பணும். போற எடத்துல எழுத ஏதாவது வேணாமா அவருக்கு?" என்றாள் சபினோவின் தங்கை ஹசிந்தா. "சட்டுனு எடுங்க. மூணு மணிக்கெல்லாம் பெட்டிய மூடிடுவாங்க."

எல்விரா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அலமாரியில் நாற்பது நோட்டுகளுக்கு மேல் இருந்தன. எறும்பு, கொசு, மழை, நத்தை என்று ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர் ஒட்டியிருந்தது. கடைசியில் ஒன்று. அதில் 'எல்விரா' என்று இருந்தது.

முதலில் சந்தோஷப்பட்டாள். அதை நினைத்துப் பிற்பாடு வெட்கப்பட்டாள்.

'எ. தூங்கும்போது இடது பக்கம் திரும்புவது: ஒரு இரவுக்கு ஒன்பது முறை.' 'காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு போட்டேன். குடித்து முடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏன்?'

அந்தக் காப்பி அவளுக்கு நினைவிருந்தது. அவன் போட்டுக் கொடுத்த முதல் காப்பி. மனசு நோகக்கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தது.

பக்கத்தைத் திருப்பினாள். 'மார்ச் 1994. கேள்வி: நான் பேச்சை நிறுத்தினால் எ. எத்தனை நாளில் முதலில் பேசுவாள்? முதல் நாள்: கவனித்தாள். அவளும் பேசவில்லை. இரண்டாம் நாள்: நீலச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு முறை எதிரில் வந்தாள். நான்காம் நாள்: குழாயைத் திறந்துவிட்டுச் சமையலறையில் அழுதாள். குறுக்கிடக் கூடாது. முடிவு: ஆறு நாள், இரண்டு மணி நேரம்.'

எல்விரா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு வாரம். அவனுக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்று நினைத்து, மாதாகோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து போன வாரம். பெட்டியில் துணி அடுக்கி, மறுபடி எடுத்து வைத்த வாரம். ஏழாம் நாள் அவன் எதிரில் போய் நின்று, "நான் ஏதாவது தப்பு செஞ்சேனா?" என்று கேட்டாள். அவன் நெற்றியில் முத்தமிட்டான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பள்ளிக்கு நேரமாகிறது போல என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

"ச்சீ" என்றாள். இந்த முறை அதில் சிரிப்பு இல்லை. நத்தையைத் தொட்டதுபோல் உள்ளங்கையைப் பாவாடையில் தேய்த்தாள். தேய்த்தும் போகவில்லை.

கூடத்துக்கு வந்தபோது சம்பங்கியும் வினிகரும் மெழுகும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. கொசு நோட்டை அவன் மார்பில் வைத்தாள். அவன் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டாள். தோல் சில்லென்று இருந்தது.

"அது அவர்கூடப் போகட்டுமே, அண்ணி!"

"எனக்கு வேணும்."

பெட்டியை மூடுமுன் பெண்டாட்டிதான் கடைசியாகப் பேச வேண்டும். ஆணியும் சுத்தியுமாக ஆள் காத்திருந்தான். ஜெபம் சொல்பவள் நிறுத்தினாள். எல்லோரும் எல்விராவைப் பார்த்தார்கள்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை, மூன்று பத்து.

"பேசுங்க அண்ணி. அவருக்குக் கேக்கும்" என்று ஹசிந்தா காதில் சொன்னாள். "ஒரு வார்த்த சொல்லுங்க. பாவம், எப்பிடித்தான் வழி தெரிஞ்சு போவாரு?"

எல்விரா வாயைத் திறக்கவில்லை. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஆணி அடித்தார்கள்.

பெட்டி இருந்த இடத்தில், தரையில், வழக்கம்போலச் சுண்ணாம்பால் சிலுவை போட்டார்கள். ஒன்பது நாள் ஜெபம். தினமும் சாயங்காலம் பெண்கள் வந்து, ரொட்டியும் காப்பியும் முடித்து, சிலுவையைப் பார்த்து சபினோவோடு பேசிவிட்டுப் போனார்கள். எல்விரா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அறைக்குப் போய்த் தன் பெயர் ஒட்டிய நோட்டில் எழுதினாள். 'முதல் நாள்: பேசவில்லை.' 'இரண்டாம் நாள்: அவன் சட்டைகளை மடித்தேன். பேசவில்லை.' 'நான்காம் நாள்: ஃப்ரிட்ஜில் இருந்த புழுவைக் கொட்டினேன். நத்தைகளுக்குக் கீரை போட்டேன், செத்து நாறுமே என்றுதான். பேசவில்லை.'

திங்கட்கிழமை சாயங்காலம் ஜெபத்துக்கு முன்பே சிலுவைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மடியில் நோட்டு. கையில் அவன் கடிகாரம். ஹசிந்தா ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். ஐந்து ஒன்பது. ஐந்து பத்து. ஆறு நாள், இரண்டு மணி நேரம். முள் அதைத் தாண்டிப் போனது. பதினொன்று. பதின்மூன்று. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் ஜெயிச்சுட்டேன், சபினோ" என்றாள்.

குரல் வெற்றுக் கூடத்தில் பெரிதாகக் கேட்டது. அவள் திடுக்கிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து பதினாறு.

நோட்டுக்குள் இருந்த அவன் பென்சிலை எடுத்தாள். எழுத்து பதியவில்லை. நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு எழுதினாள்: 'எ. முதலில் பேசினாள்.'