மேல் ரோடு

பொக்லைன்காரன் ரோட்டை உடைக்கும்போது முன்னேறிப் போக முடியாது. முன்னால் தோண்டவேண்டும், கொஞ்சம் பின்னால் வரவேண்டும், மறுபடி தோண்டவேண்டும். முன்னேறினால் தன் பள்ளத்தில் தானே விழவேண்டியதுதான். அதனால் அன்று காலை, மலை உச்சியில் எல்லைக்கோடு போட்டிருந்த இடத்தில், இரண்டு நாட்டுப் பொக்லைன்களும் மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்தபடி நின்றன. இந்த வண்டியில் மாமனார், அந்த வண்டியில் மாப்பிள்ளை. இரண்டு பக்கத்து அதிகாரிகளும் கைகுலுக்கி, போட்டோ சரியாக விழவில்லையென்று இன்னொரு தரம் குலுக்கி, கொடியை அசைத்தார்கள். மாமனார் பக்கெட்டை இறக்கித் தார் ரோட்டில் முதல் பல்லைப் பதித்தார். எதிரே மாப்பிள்ளையும் பதித்தார்.

ரோட்டை எடுத்துவிடுவதென்று இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தத்தைக் குறை சொல்ல மாமனாருக்கு வாய் வரவில்லை. மலை இரண்டு நாட்டுக்கும் பொது. மேல் ரோடு அதன் காட்டை நடுவில் கிழித்துக்கொண்டு போனது. லாரியில் அடிபட்ட மான்களை இதே பொக்லைனால் எத்தனையோ தரம் குழி வெட்டிப் புதைத்திருக்கிறார். ரோட்டுக்கு வெடி வைத்த பிறகு கீழே இருந்த ஊற்றுகள் ஒவ்வொன்றாக வற்றியதையும் பார்த்தவர். ரோட்டை எடுத்துவிட்டு மரம் வைத்தால் காடு சேரும், தண்ணீர் திரும்பும், அப்புறம் மனிதர் யாரும் அந்தப் பக்கம் நடமாடக் கூடாது என்று கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சொன்னபோது, எல்லோரோடும் சேர்ந்து அவரும் கையைத் தூக்கினார். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். வெளியே வந்து எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இதெல்லாம் நடக்கிற காரியமா?

அந்த வருஷம்தான் மகளுக்கு அந்தப் பக்கத்துச் சம்பந்தம் வந்தது. பெரிய மண்சரிவு ஒன்றை இரண்டு பக்கத்திலிருந்தும் அள்ளிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தபோது பழக்கமான பையன். குடிக்க மாட்டான், வேலையில் சுத்தம். மனைவிதான் முட்டுக்கட்டை போட்டாள்.

"ஏங்க, அந்த ரோட்டை எடுக்கறதுக்கு நீங்கதானே கையத் தூக்கிட்டு வந்தீங்க? அப்புறம் எந்த வழியா பொண்ணைப் பாக்கப் போறது?"

"அடிப் போடி. ரோட்டுல விழுந்த ஒரு குழிய மூடவே எங்க ஆபீசுக்கு மூணு மழைக்காலம் போகணும். இவனுங்க ரோட்டையே எடுக்கப் போறானுங்களாம்! பேத்திக்குக் கல்யாணம் ஆனாலும் நடக்காது."

பேத்திக்கு இன்னும் பால் பல் விழவில்லை, உத்தரவு வந்துவிட்டது. குழியை மூட ஆமையாக நகர்ந்த அதே ஆபீஸ், ரோட்டை எடுக்கக் காற்றாய்ப் பறந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அரசாங்கத்தைத் திட்டியே பழகிய மனிதருக்கு, அது ஒருநாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிடும் என்று தோன்றாமல் போனது ஒரு குற்றமா? குற்றம்தான் என்று இப்போது அவருக்குப் படுகிறது. மனைவி படுத்த படுக்கையாகிவிட்டாள். இந்த மழைக்காலம் தாண்டினால் பெரிய விஷயம் என்று டாக்டர் அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் மகள் மேல் ரோடு வழியாக வேனில் வந்துவிடுவாள். தலைக்கு ஊற்றி, படுக்கையைத் தட்டிப் போட்டு, அம்மாவைச் சிரிக்கவும் வைத்துவிட்டுப் போவாள். மலை மேல் காவலுக்கு இருப்பவர்கள் தெரிந்த முகத்துக்குக் கையை ஆட்டி வழி விடுவார்கள். கீழே சமவெளியைச் சுற்றிக்கொண்டு போவதென்றால் அந்தச் சோதனைச் சாவடியில் அனுமதி வாங்கவே வாரக்கணக்கில் காத்துக் கிடக்கவேண்டும். அதுவரை அந்த உயிர் காத்திருக்குமா?

ரோடு உடைவதற்கு முந்தின நாள், மகளைக் கொண்டுபோய் விட ஜீப்பை எடுத்தபோது அவள் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நான் இங்கேயே இருந்துடவா?"

"பாப்பாவ யாரு பாத்துக்கறது?"

"அவரு பாத்துப்பாரு. அம்மா எழுந்து நடமாடற வரைக்கும்."

அம்மா எழுந்து நடமாடப் போவதில்லை என்று சொல்லியிருக்கவேண்டும். 'இரும்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும். ஆனால் அழுகிற பேத்தியும், தனியாக நிற்கிற மாப்பிள்ளையும், கட்டிக்கொடுத்த பெண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டார் என்கிற பேச்சும் ஒரே நேரத்தில் மனதில் வந்து நின்றன. "உன் இஷ்டம்மா" என்றார். வேண்டாம் என்பதை இதைவிடக் கோழைத்தனமாக யாரும் சொல்ல முடியாது. அவள் ஜீப்பில் ஏறினாள். உச்சியில் இறங்கினாள். எல்லைக்கோட்டைத் தாண்டியவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஆக, தோண்டத் தோண்ட இரண்டு வண்டிகளும் விலகின. முதலில் மாப்பிள்ளையின் மீசை தெரிந்தது, பிறகு முகம் மட்டும், பிறகு சட்டையின் நிறம். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒதுங்கிய நேரத்தில் மாமனார் பக்கெட்டைத் தூக்கி, மலைச்சுவரை ஒட்டி மிச்சமிருந்த ரோட்டின் ஓரத்தை மூன்று தரம் மெல்லத் தொட்டுக் காட்டினார். மண்சரிவு அள்ளும் காலத்தில் அதற்கு 'அங்கே கை வைக்காதே' என்று அர்த்தம். கொஞ்ச நேரம் அந்த வண்டி சும்மா நின்றது. பிறகு அதுவும் தன் பக்கத்து ஓரத்தை மூன்று தரம் தொட்டது. பொழுது சாய்வதற்குள் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் விழுந்துவிட்டது, அதற்கப்பால் அதலபாதாளம். மலைச்சுவரை ஒட்டி மட்டும் ஓரடி அகலத்தில் ஒரு துண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உடையாமல் நின்றது. அதன்மேல் மண்ணைத் தூவி மறைத்தார். அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, வேலை சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். உத்தரவு வந்த நாளிலிருந்து அவரோடு அவ்வளவாகப் பேச்சில்லை. அவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, திருடியதைப் பங்கு போடுகிறவன் மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"மலைப்பக்கமா ஓரடி விட்டிருக்கேன். மாப்பிள்ளையும் விட்டிருக்காரு. யாருக்கும் தெரியாது."

அவள் திரும்பினாள். முகம் மலரும் என்று எதிர்பார்த்தார். மலரவில்லை.

"எடுத்துடுங்க."

"என்னடி சொல்ற? உனக்காகத்தானே..."

"பக்கத்து மண்ணையெல்லாம் வாரிட்டு ஓரடிய மட்டும் விட்டா அது எத்தனை மழைக்கு நிக்கும்? உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?" மூச்சு வாங்கியது. நிறுத்தி மறுபடி தொடங்கினாள். "வழியே இல்லேன்னா அவ அழுதுட்டு இருப்பா. வழி இருக்குன்னு தெரிஞ்சா கிளம்பிடுவா. அவ என் பொண்ணுங்க."

அவருக்குச் சுரீர் என்றது. மண்ணைப் பற்றி அவருக்குத் தெரியாததா? ஆசை வந்தால் புத்தி கடன் கேட்கப் போய்விடும் போல. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மழை தூற ஆரம்பித்திருந்தது. மழை வந்துவிட்டால் அந்தப் பக்கத்து டவர் எடுக்காது. மாப்பிள்ளையையும் மகளையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் அடிக்கவே இல்லை. தூறல் பிறகு வலுத்தது. அவர் தூங்கவில்லை. அவளும் தூங்கவில்லை என்பது மூச்சில் தெரிந்தது.

விடிந்தும் விடியாமல், மற்ற ஆட்கள் வருவதற்கு முன்பே அவர் உச்சிக்குப் போய்விட்டார். மழை விட்டிருந்தது. பத்தடிக்கு அப்பால் எல்லாம் பனிமூட்டம். முதல் வேலையாக அந்தத் துண்டை இடித்துவிடவேண்டும், மாப்பிள்ளையிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். வண்டியைக் கிளப்பினார். என்ஜின் உறுமியது. பக்கெட்டைத் தூக்கி மலைச்சுவர்ப் பக்கம் திருப்பும்போது காற்று அடித்துப் பனி கொஞ்சம் விலகியது.

பாதித் தூரத்தில் மகள் நின்றிருந்தாள். தோளில் பெரிய பை, போய்விட்டு உடனே திரும்புகிறவள் எடுத்து வரும் பை அல்ல. செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்திருந்தாள். முதுகை மலைச்சுவரோடு ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் கால் மாற்றிக் கால் வைத்து வந்துகொண்டிருந்தாள். அந்தக் கோடியில் மாப்பிள்ளை பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றொரு கையை அவள் பக்கமாகவே நீட்டியபடி நின்றார்.

அவர் சட்டென்று என்ஜினை அணைத்தார். அந்த அதிர்வே போதும், ஈர மண் இளகிவிடும். தூக்கிய பக்கெட் தூக்கியபடியே நின்றது. 'நில்லும்மா' என்று கத்த வாயைத் திறந்து, கத்தினால் திடுக்கிட்டுக் கால் தவறுமே என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் காலடியிலிருந்து ஒரு கட்டி மண் பெயர்ந்து பள்ளத்தில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் குனியவில்லை. என்ஜின் நின்றதும் நிமிர்ந்தவள் அப்பாவைப் பார்த்துவிட்டாள், வேனிலிருந்து இறங்கும்போது சிரிப்பாளே, அதே மாதிரி சிரித்தாள். பையைத் தோளில் ஒருதரம் ஏற்றிவிட்டுக்கொண்டு, அடுத்த அடிக்குக் காலைத் தூக்கினாள்.