பகல் தூக்கம் வேண்டாம்

குழந்தைகள் காப்பகத்துக்கும் வீட்டுக்கும் போய்வரும் நோட்டில் அன்றும் தோயுலின் அம்மா எழுதிய அதே வரி: “தோயுலைத் தயவுசெய்து பகலில் தூங்கவிடாதீர்கள்.” பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வேறு. ஆசிரியை யூன்சிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தோயுலுக்கு நாலு வயது. சியோலில் காப்பகம் இருக்கும் தெருப் பிள்ளைகள் பலரைப் போல அவனும் ஆங்கில மழலையர் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறான். காப்பகம் விட்டால் நேரே வகுப்பு. கிம்பாப் என்ற சோற்றுச் சுருளைச் சாப்பிடுவது காரிலேயே. வீட்டில் படுக்கப் பத்தரை. பகலில் தூங்கினால் இரவில் பன்னிரண்டு ஆகிவிடுமாம். அதனால் அவன் அம்மா பகல் தூக்கத்தில் கைவைத்தாள். வகுப்பில் கைவைக்க மட்டும் மனம் வரவில்லை, மகராசிக்கு!

மதியம் மற்ற பிள்ளைகள் வாயைப் பிளந்து தூங்கினார்கள். தோயுல் மட்டும் போர்வைக்குள் நெளிந்தான். விலக்கிப் பார்த்தால் தொடையெல்லாம் நகத்தடம்.

“ஏன்டா தங்கம் கிள்ளிக்கிறே?”

“தூக்கம் வருது டீச்சர். தூங்கினா அம்மா அழுவாங்க.”

யூன்சில் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள். “நீ தூங்குடா. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.” முதுகில் நாலு தட்டு தட்டுவதற்குள் தூங்கிப்போனான்.

அன்று ஆங்கில வகுப்பில் மாதிரித் தேர்வு. அம்மா இரண்டரைக்கே வந்து நின்றாள்.

“ஐயோ, தூங்கிட்டானா? எழுதியிருந்தேனே டீச்சர்!”

“நான்தான் தூங்க வச்சேன். அவன் தொடையைப் பாருங்க. இதையும் பாருங்க, தோயுல் அம்மா.”

யூன்சில் ஒரு தாளை நீட்டினாள். போன மாதம் பல்கலைக்கழகத்தார், பெற்றோர் சம்மதத்தோடு, பிள்ளைகளின் எச்சிலைப் பஞ்சில் எடுத்துப் போயிருந்தார்கள். மனஅழுத்தத்தில் உடம்பில் ஏறும் கார்டிசாலை அளப்பதற்காக. அதன் முடிவுதான் அந்தத் தாள். சாயங்காலம் இறங்கிவிட வேண்டிய அளவு தோயுலுக்கு இறங்கவேயில்லை.

“இந்தக் காப்பகத்துல வேற யாருக்கும் இவ்வளவு இல்லீங்க.”

அம்மா தாளிலிருந்த எண்ணைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“அப்போ எங்க தோயுல்தான் முதலா?”

அறையலாமா என்று வந்தது யூன்சிலுக்கு. “ஆமாங்க. பயத்துல முதல்!”

அந்தச் சத்தத்தில் தோயுல் விழித்தான். அம்மாவைக் கண்டதும் தூக்கிவாரிப்போட எழுந்து உட்கார்ந்தான்.

“நான் தூங்கலம்மா. சத்தியமா தூங்கல. சும்மா கண்ணை மூடியிருந்தேன்.”

அவன் கன்னத்தில் தலையணை மடிப்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். கையிலிருந்த தாளை மறுபடி பார்க்க அவளுக்குத் தேவைப்படவில்லை.